ஓய்வு: 8

நான் பி.காம். பத்திரிகைக்கு எழுதியே பிழைத்துவிடலாம் என்று நம்பியவன். அந்த நம்பிக்கை மாதத்தில் பத்தாம் தேதி வரைக்கும்தான் தாங்குகிறது. அதனால் வாரத்தில் மூன்று நாள் ஒரகடத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். பன்னிரண்டு கார், நாலு வேன், ஒரு டேபிள் ஃபேன். கம்பெனிக்காரர்களை மீனம்பாக்கத்தில் ஏற்றி ஸ்ரீபெரும்புதூர், வல்லம், ஒரகடம் என்று தொழிற்சாலை வாசல்களில் இறக்கிவிடுவது எங்கள் பிழைப்பு.

எங்கள் டிரிப் ஷீட்டில் கடைசிக் கட்டம், 'டிரைவர் ஓய்வு'. அதில் '8' என்று எழுதுவேன். எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் எட்டு போட்டார், நானும் போட்டேன். எட்டு ரொம்ப மரியாதையான எண் ஸார். ஆடிட்டர்கூட அதைப் பார்த்துப் புருவம் தூக்க மாட்டார்.

போன மாதம் மும்பையிலிருந்து ஒரு பெரிய மனிதர் தனி விமானத்தில் வந்தார். வாடகை விமானம். நாம் கல்யாணத்துக்கு வேன் பிடிப்பது போல அவர்கள் பிளேன் பிடிக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு மீனம்பாக்கம். ஒரகடத்தில் மீட்டிங். மூன்றரைக்குப் புறப்பட்டு பெங்களூர். மறுநாள் பத்து மணிக்கு அங்கே இன்னொரு மீட்டிங். இதுதான் ஏற்பாடு.

மீட்டிங் முடிந்தபோது மணி ஏழு. பில்லில் கையெழுத்து வாங்க நான் கார் பக்கத்தில் நின்றிருந்தேன். பெரியவருடைய உதவியாளர் போனை ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் கேப்டன்.

"ஸாரி ஸார், எங்கள் டியூட்டி நேரம் முடிந்துவிட்டது. நாலரைக்கே உங்களுக்குச் சொன்னோம். இனி ஓய்வுக்குப் பிறகு காலையில்தான் கிளம்ப முடியும்."

"காலையிலிருந்து சும்மாதானே உட்கார்ந்திருந்தீர்கள்?"

"காத்திருப்பதும் டியூட்டிதான் ஸார்."

"நான் காசு கொடுத்து எடுத்த பிளேன்!"

"பிளேன் உங்களுடையது ஸார். லைசென்ஸ் என்னுடையது."

இவ்வளவு பணிவான 'முடியாது'வை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. பெரியவர் இரண்டு நிமிஷம் பல்லைக் கடித்தார். அப்புறம் எங்கள் காரைப் பார்த்தார். "ரோட்டிலேயே போய்விடலாம்."

அந்தக் காரை ஓட்டுகிறவரை ஆபீஸில் எல்லாரும் பெரியண்ணன் என்போம். அன்றைக்கு அவர் காஞ்சிபுரத்தில் எழுந்தது விடியற்காலை மூன்றரைக்கு. நாலு மணிக்கு வண்டி எடுத்தார். பைலட்டாவது விமான நிலையத்தில் நாற்காலியில் காத்திருந்தார், இவர் தொழிற்சாலை வாசலில் வெயிலில் காத்திருந்தார். ஆனால் பெங்களூருக்கு முன்னூறு கிலோமீட்டர் உங்களால் ஓட்ட முடியுமா என்று ஒருத்தர் கேட்கவில்லை. நானும்தான். அவர் குழாயில் முகம் கழுவினார், ஒரு டீ அடித்தார், கிளம்பிவிட்டார்.

பைலட் தூக்கத்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், அதற்கு விலை கொடுத்திருக்கிறோம். 2010 மே 22-ல் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் போனார்கள். விமானி அறை ஒலிப்பதிவில் குறட்டை கேட்டது. கேப்டன் வழியில் நெடுநேரம் தூங்கியிருக்கிறார், விழித்த பிறகும் மூளை முழுசாக விழிக்கவில்லை என்றது விசாரணை.

வாடகை விமானத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வாடிக்கையாளர் ஒரே ஒருத்தர். அவர் பைலட்டின் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருப்பார். 2001 மார்ச்சில் அமெரிக்காவின் ஆஸ்பென் நகரில் இறங்கப் போன ஒரு வாடகை ஜெட் மலையில் மோதி, அதில் இருந்த 18 பேரும் இறந்தார்கள். விமானத்தை எடுத்தவர் கொடுத்த நெருக்கடியும் ஒரு காரணம் என்று விசாரணை அறிக்கையிலேயே எழுதினார்கள். ஆக, விதி உடைவது ஆகாயத்தில் இல்லை, டெலிபோனில்!

சரி, ரோட்டில் ஓட்டுகிறவருக்கு விதியே இல்லையா? பேஷாக உண்டு. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டார்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தரம் அரை மணி இடைவேளை. இன்றைய வேலைக்கும் நாளைய வேலைக்கும் நடுவே சேர்ந்தாற்போல 9 மணி நேர ஓய்வு. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. எட்டு மணிக் கணக்கு அங்கேயும் இருக்கிறது. என் டிரிப் ஷீட்டிலும் இருக்கிறது. பெரியண்ணன் கண்ணில்தான் இல்லை.

கேப்டன் மாதிரி அவரும் 'லைசென்ஸ் என்னுடையது' என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லலாம். மறுநாள் அந்த சீட்டில் உட்கார வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். பைலட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவருக்கே விதி வளைந்த கதையும் உண்டு. 2025 நவம்பரில் விமானிகளின் இரவு வேலைக்குப் புதுக் கட்டுப்பாடுகள் வந்தன. டிசம்பர் முதல் வாரத்தில் ஆள் போதாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய, ஜனங்கள் பெட்டி மேலேயே படுத்துக் கிடந்தார்கள். அரசாங்கம் அந்தக் கட்டுப்பாடுகளை இண்டிகோவுக்கு மட்டும் 2026 பிப்ரவரி 10 வரை தளர்த்தியது. அத்தனை பேர் கண் முன்னாலேயே இப்படி என்றால், ராத்திரி ஒரு மணிக்கு வாலாஜா தாண்டி ஓடும் ஒரு வாடகைக் காரை யார் பார்க்கப் போகிறார்கள்?

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு என் போன் அடித்தது.

"தம்பி, கிருஷ்ணகிரி கிட்ட ஓரங்கட்டிட்டேன்." பெரியண்ணன் குரல் நடுங்கியது. "ஒரு செகண்டுதான் தம்பி. கண்ணு மூடினதே தெரியல. நடு சுவர்ல கண்ணாடி உரசி சத்தம் வந்துச்சு, முழிச்சுக்கிட்டேன். எதிர்ல வண்டி கிண்டி இல்ல. சாமி காப்பாத்துச்சு."

"அய்யா என்ன சொல்றார் அண்ணே?"

"அவரே 'போய்ப் படுப்பா'ன்னுட்டாரு. கை காலெல்லாம் ஆடுது அவருக்கு."

தாபா கயிற்றுக் கட்டிலில் நாலு மணி நேரம் தூங்கிவிட்டுப் புறப்பட்டார்கள். ஓசூர் நெரிசல், எலெக்ட்ரானிக் சிட்டி நெரிசல் எல்லாம் நீந்திப் போய்ச் சேர்ந்தபோது காலை மணி பத்தே கால். சில்க் போர்டு சிக்னலில் நின்றபோது பெரியவருக்கு ஒரு போன். கேப்டன்தான். நன்றாகத் தூங்கி எழுந்து, காலையில் காலி விமானத்தோடு கிளம்பி, ஒன்பது மணிக்கே பெங்களூரில் இறங்கிவிட்டாராம். "அடுத்து எப்போது ஸார் கிளம்பலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை அந்த டிரிப் ஷீட் என் மேஜைக்கு வந்தது. ஆரம்பம் காலை நாலு. முடிவு மறுநாள் பத்தே கால். முப்பது மணி நேரத்துக்கு மேல். கடைசிக் கட்டம் காலி. வழக்கம் போல கை எட்டுக்குப் போயிற்று. பேனா போகவில்லை. இத்தனை வருஷம் நான் போட்ட எட்டுகள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. ஒவ்வொரு எட்டுக்குள்ளும் யாரோ ஒருத்தர் ஸ்டியரிங் மேல் தலை சாய்ந்திருந்தார்.

'கிருஷ்ணகிரி, கயிற்றுக் கட்டில், 4 மணி நேரம்' என்று எழுதி முதலாளி முன்னால் வைத்தேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்பா, கதை எழுதறவனைக் கணக்கு எழுத வெச்சது என் தப்பு" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ராத்திரி வேலூர் தாண்டற டிரிப்புக்கு இனிமே ரெண்டு டிரைவர்னு பில்லுல ஒரு வரி சேரு. எவன் கேக்கறான்னு பார்க்கலாம்."

சேர்த்துவிட்டேன். இதுவரை இரண்டு கம்பெனிகள் அந்த வரியை அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. ஒரு கம்பெனி மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்திருக்கிறது. பெரியண்ணன் அதைத்தான் ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த திங்கள் நாலு ஷீட் வரும். கட்டம் காலியாக இருந்தால் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்பதாக இருக்கிறேன். என் வேலை நிலைத்தால் அடுத்த வாரம் சந்திக்கிறேன். போனாலும் சந்திக்கிறேன், எழுத நேரம் நிறைய இருக்கும்.