மூன்று புள்ளி ஒன்று

தி.நகரில் காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்த எட்டு வாரக் கர்ப்பிணிக்கு மதியமே ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் அளவு) 3.1. சாயந்திரத்துக்குள் மாமியார், அம்மா, கூகுள் மூவரும் பயமுறுத்தியாகிவிட்டது.

3.1 நோயா? எந்த ஆண்டில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2011இல் அமெரிக்க தைராய்டு சங்கம் முதல் மூன்று மாதத்துக்கு 2.5 என்று கோடு கிழித்தது. நம் மத்திய அரசின் 2014 வழிகாட்டுதலும் அதைப் பிடித்துக்கொண்டது. 2017இல் அதே சங்கம், அந்தந்த ஊர்ப் பெண்களின் அளவைப் பாருங்கள், இல்லாவிட்டால் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள் எனத் தளர்த்தியது. தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் கதை வேறு. கருவுற்றதும் பெருகும் எச்.சி.ஜி. ஹார்மோன் (பரிசோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு போடுவது இதுதான்) தைராய்டையும் தூண்டிவிடுவதால் டி.எஸ்.எச். தானாகவே இறங்கும். எத்தனையாவது வாரம் என்று கேட்காமல் எல்லோருக்குமான அளவையே அச்சடித்துத் தரும் லேப் ரிப்போர்ட்டை என்னவென்று சொல்வது?

நிஜமான தைராய்டு குறைபாடு விளையாட்டல்ல. கருச்சிதைவு, ரத்தக்கொதிப்பு, குறைமாதப் பிரசவம் என்று போகும். சிகிச்சை பெறாத தாய்மாரின் பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் சராசரியாக 7 புள்ளி குறைந்திருந்ததை 1999இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் லேசான குறைபாட்டுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த 2017 ஆய்வில், 5 வயதில் பிள்ளைகளிடையே வித்தியாசம் தெரியவில்லை. அதில் மாத்திரையே சுமார் 17ஆம் வாரத்தில்தான் தொடங்கியது என்ற குறை உண்டு. மறைப்பானேன்?

எனக்குக் கவலை 3.1 காரியைப் பற்றி அல்ல. ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிட்டுவந்து, கருவுற்றும் பழைய டோஸிலேயே இருப்பவளைப் பற்றி. சிசுவின் தைராய்டு வேலையைத் தொடங்கவே சுமார் 12 வாரம் ஆகும்; அதுவரை அம்மாவின் சரக்குதான். நாள் தள்ளியதுமே வாரத்துக்கு 7 மாத்திரையை 9 ஆக்கிக்கொண்டு டாக்டரைப் பாருங்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வழி. குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் இதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளிலோ "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம்". ஊருக்குச் சொல்லாமல் இருக்கலாம், டாக்டருக்குமா?

இன்னொன்று, காபி. மயிலாப்பூரில் ஆறு மணி டிகாக்‌ஷனைத் தள்ளிப்போடச் சொல்வது லேசல்ல. ஆனாலும் மாத்திரை வெறும் வயிற்றில் போய் அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் டம்ளர். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுக் காபியால் இறக்கிவிட்டு, டி.எஸ்.எச். ஏறிவிட்டதே என்று டோஸைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு.