மூட்டு நோவும் போரின் மிச்சம்தான்: பெரியநீலாவணையிலிருந்து ஒரு பார்வை

பெரியநீலாவணையில் நான் கதைக்கச் சென்ற அந்த அம்மாவுக்கு 68 வயது. கதிரை எடுத்துத் தருவதற்காக இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி மெல்ல எழுந்தார். வேண்டாமென்று மறித்தேன். “இருந்து எழும்பக்குள்ளதான் புள்ள உசிர் போகுது. எழும்பிட்டா சமாளிச்சிருவன்” என்றார்.

1990 வன்முறையில் இடம்பெயர்ந்தவர். 2004 சுனாமியில் வீட்டை இழந்தவர். இரண்டு ஆண்டுகள் கழித்து சிக்குன்குனியா வந்து படுத்தவர். இப்போது யாரோ சொன்னதைக் கேட்டு மீன், முட்டை, கத்தரிக்காய், தயிர் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். சோறும் சொதியும்தான் மூன்று நேரமும். நோவு குறையவில்லை. உடம்புதான் இன்னும் தளர்ந்திருக்கிறது.

மூட்டுத் தேய்வு உலகெங்கும் உள்ள நோய். 2019 இல் ஏறத்தாழ 52 கோடியே 80 இலட்சம் பேருக்கு அது இருந்ததாகவும், அவர்களில் 60 வீதமானோர் பெண்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் நமது பகுதிகளில் இதை வயதின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

முதற் காரணம் போர். காயம்பட்ட மூட்டு மற்ற மூட்டுகளைவிட முன்கூட்டியே தேய்கிறது. ஒரு காலை இழந்தவரின் உடற்பாரம் பெருமளவு மற்றக் காலில் இறங்குவதால், அந்த முழங்காலும் காலப்போக்கில் பழுதாகிறது. இருபது வயதில் செல்பட்டவர்களுக்கு இப்போது நாற்பதும் ஐம்பதும் ஆகின்றன. அவர்களின் இரண்டாவது வலி இப்போதுதான் தொடங்குகிறது.

இரண்டாவது சிக்குன்குனியா. 2006 இன் இறுதியில் அது இலங்கையில் பரவியபோது கல்முனை, மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், யாழ்ப்பாணம் எல்லாம் பாதிக்கப்பட்டன. போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. காய்ச்சல் சில நாட்களில் விட்டாலும் மூட்டு நோவு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். 2025 இல் கொழும்பு உட்படப் பல இடங்களில் அந்நோய் மீண்டும் பரவியது. நுளம்பு ஒழிப்பும் மூட்டு நோவைத் தடுக்கும் வேலைதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது தொழில். கரைவலை இழுப்பவர், வயலில் குனிந்து நிற்பவர், மருதமுனைத் தறியில் கால்மிதிப்பவர் என எல்லோருக்கும் மூட்டுதான் முதல்.

இனி உணவுக்கு வருவோம். “மூட்டுவாதத்துக்கு என்ன சாப்பிடலாம்?” என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. எந்த மூட்டுவாதம் என்று முதலில் தெரியவேண்டும்.

வேலை செய்யச் செய்ய நோவு கூடி, ஓய்வில் குறைந்தால் அது பெரும்பாலும் தேய்வு. காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் விரல்கள் மடங்காமல், இரண்டு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்கினால் அது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் வாதமாக இருக்கலாம். தாமதிக்காமல் வைத்தியரிடம் போகவேண்டும். மருந்து பிந்தினால் மூட்டு கோணிவிடும். நள்ளிரவில் திடீரெனக் கால் பெருவிரல் சிவந்து வீங்கினால் அது யூரிக் அமிலம் சேர்வதால் வரும் வாதமாக இருக்கலாம்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? சூடை மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஒமேகா 3 கொழுப்பு இரண்டாவது வகையில் வீக்கத்தைத் தணிக்க ஓரளவு உதவும். ஆனால் மூன்றாவது வகைக்காரர் சூடை, நெத்தலி, ஈரல், மாட்டிறைச்சி, இனிப்புச் சோடா, பியர் ஆகியவற்றைக் குறைக்கவேண்டும். பக்கத்து வீட்டாருக்கு மருந்தான கறி உங்களுக்கு வினையாகலாம். கத்தரிக்காய் மூட்டு நோவைக் கூட்டுகிறது என்பதற்கோ தகுந்த சான்று இல்லை.

தேய்வைக் குணமாக்கும் உணவு எதுவுமில்லை. ஆனால் எடை குறைந்தால் நோவு குறையும். உடலில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ அளவு குறைவதாக 2005 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. எனவே சோற்றின் அளவைக் குறைத்து, முருங்கையிலை, வல்லாரை, பயறு, கடலை, முட்டையைக் கூட்டுங்கள். தேநீரில் சீனியைக் குறையுங்கள். முதுமையில் தசை கரையாமலிருக்கப் புரதம் வேண்டும். தசைதான் மூட்டைத் தாங்குகிறது.

அந்தத் தசைக்கு வேலையும் கொடுக்கவேண்டும். கதிரையில் இருந்தபடி ஒரு காலை நேராக நீட்டி ஐந்து விநாடி பிடித்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை. புதைமணலில் வேண்டாம், கெட்டியான தரையில் நடங்கள். முழங்கால் மடக்க முடியாதவர்கள் கதிரையில் இருந்து தொழலாம், கும்பிடலாம்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தந்தது அந்த அம்மாவின் குளிசைப் பை. 2022 நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாட்டில் தொடங்கிய பழக்கமாம். கையில் கிடைத்த நோக்குளிசையைப் போடுகிறார். டைக்குளோஃபெனாக் போன்ற குளிசைகளைத் தொடர்ந்து எடுத்தால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் பழுதாகும். சீனி வியாதியும் பிரஷரும் உள்ளவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். பெயர் எழுதாத பொட்டலங்களில் ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம். ஒரே நாளில் நோவு பறந்தால் மகிழாமல் சந்தேகப்படுங்கள்.

2012 இல் இலங்கை மக்கள்தொகையில் 65 வயதுக்கு மேற்பட்டோர் 7.9 வீதம். 2024 கணக்கெடுப்பில் 12.6 வீதம். போரில் தப்பிய தலைமுறை முதுமைக்குள் நுழைகிறது. காணி, நீதி, இழப்பீடு பற்றிப் பேசும் நாம், தப்பிய உடல்கள் எப்படி மூப்படைகின்றன என்று பேசுவதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் எடையும் சீனியும் பார்க்கும்போது முழங்காலைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம். மாதம் ஒருமுறை இயன்முறை மருத்துவர் ஒருவர் கிராமத்துக்கு வரலாம். செயற்கைக் கால் பொருத்தியவர்களின் மற்றக் காலையும் சேர்த்துப் பரிசோதிக்கலாம். இவற்றுக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை.

“கிளினிக்ல நாலு மணித்தியாலம் நிண்டா, வந்த நோவ விட திரும்பிப் போகக்குள்ள நோவு கூட” என்றார் அந்த அம்மா. அடுத்த கிளினிக்குக்குக் குளிசைப் பையையும் கொண்டுபோய்க் காட்டச் சொல்லிவிட்டு வந்தேன். மீன், முட்டையை எதற்காக விட்டேன் என்பதையும் அங்கே சொல்வதாக ஒத்துக்கொண்டார்.