மலையைக் கணக்கெடுப்பவர்கள்



உலகில் பினாங்குத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு தேரை நம் மலையோடைகளில் வாழ்கிறது. ஆன்சோனியா பினாங்கென்சிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். 1870இல் அதை முதன்முதலில் விவரித்து எழுதியவர் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். அரியலூர், திருச்சி வட்டாரத்துப் புதைபடிவங்களை ஆராய்ந்து பெருநூல் எழுதியவரும் இவர்தான். அப்போது பினாங்கின் துணை ஆளுநராக இருந்த கர்னல் ஆன்சனின் பெயரைத் தேரைக்குச் சூட்டினார். இந்த வகைத் தேரைகளின் தலைப்பிரட்டைகள், ஓடை எவ்வளவு வேகமாக ஓடினாலும் வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிற நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கோயிலுக்குப் பின்னால் தொடங்குகிற காடு அத்தனை அரியது.

அந்தக் காட்டை அறிந்து எழுதும் வேலை இந்த ஊரில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் தாவரவியல் பூங்காவை அமைத்தார். மலை முகடுகளில் நிற்கும் செராயா மரத்தின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் இருக்கிறார். 2017 அக்டோபரில் கொடிமலையில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. ஹேபிடட் அறக்கட்டளை, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், கலிபோர்னியா அறிவியல் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்திய அதில் நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கலந்துகொண்டார்கள். இத்தகைய ஆய்வில் கயிறு கட்டி மர உச்சிக்கு ஏறுவார்கள், தரையில் சருகைச் சலிப்பார்கள், இரவில் வெள்ளைத் துணியில் விளக்கொளி பாய்ச்சி அந்துப்பூச்சிகளை வரவழைப்பார்கள். அட்டைக்கடியும் மழையும் சகஜம்.

அது முடிந்து சில நாள்தான். நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த பேய்மழையை நம்மில் யார் மறப்போம்? ஊர் வெள்ளத்தில் மூழ்கியது, கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்தது. அந்த மழைக்குச் சற்று முன்னால் மலையில் என்னென்ன உயிர்கள் இருந்தன என்பதற்கு ஒரு பதிவாவது இப்போது நம்மிடம் இருக்கிறது. ஒருமுறை எடுத்த கணக்கின் முழு மதிப்பு, அடுத்த முறை எடுக்கும்போதுதான் தெரியும். அதனால்தான் நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில், 1980களில் குறித்து வைத்த 50 ஹெக்டேரில், ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள கன்றைக்கூட விடாமல் அடையாளமிட்டுத் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள். எண்ணூறுக்கும் மேற்பட்ட மரவகைகள் அங்கே உண்டு. தமிழ்நாட்டு முதுமலையிலும் 1988 முதல் அதே 50 ஹெக்டேர், அதே முறை. அங்கே வகைகள் எழுபது சொச்சம்தான். ஆனால் யானையும் காட்டுத்தீயும் வறட்சியும் ஒரு காட்டை என்ன செய்கின்றன என்பதை அந்த எழுபது சொல்லிக்கொடுக்கிறது.

கணக்கெடுத்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. கொடிமலைக் கணக்கெடுப்பு யுனெஸ்கோவுக்கான விண்ணப்பத்துக்குத் துணை நின்றது; 2021 செப்டம்பர் 15இல் மலையும் கடலுமாக 12,481 ஹெக்டேர் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தெலுக் பஹாங்கில் லோத்தோங் குரங்குகள் சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டு வந்தன. யாப் ஜோ லீன் தொடங்கிய லங்கூர் புராஜெக்ட் பினாங்கு குழுவினர் குரங்குக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து, எங்கே கடக்கின்றன என்று குறித்து, 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்கள். இடத்தை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது பொறுமையான கவனிப்பு.

இப்போது கொடிமலைக்குக் கேபிள் கார் வருகிறது. அது வேண்டுமா வேண்டாமா என்று வீட்டுக்கு வீடு பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் எந்தச் சரிவில் எந்த மரம், எந்த ஓடையில் எந்தத் தவளை என்ற கணக்கை மேசைமேல் வைத்துக்கொண்டு பேசுவோம். அடிவாரத்தில் வாழும் நமக்கும் அந்தக் கணக்கில் பங்குண்டு. கைபேசியில் எடுத்த ஒரு படம், ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏறிவிட்டால் ஆய்வாளருக்கு உதவும் பதிவாகிவிடுகிறது.

அடுத்த இதழ்களில் 'நம் மலை' என்று இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். ஆயர் ஹீத்தாம் வீட்டுப் பின்வாசலுக்கு வந்த பறவையாகட்டும், பூங்கா நடைப்பயிற்சியில் கண்ட பூச்சியாகட்டும், படம் எடுத்து அனுப்புங்கள். உங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் யாராவது பூங்காவிலோ மலையிலோ வேலை பார்த்திருந்தால், அவர்கள் நினைவில் இருக்கும் மரங்களையும் உயிர்களையும் கேட்டு எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. எந்த இடம், எந்த நாள் என்பதை மட்டும் விடாமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்