ஒரகடத்தில் வருஷம் எப்போது முடிகிறது?

"இந்த வருஷம் இதுவரைக்கும் எவ்வளவு ஆச்சு?" ஆபீஸில் கேட்கப்படும் கேள்விகளிலேயே ரொம்ப சுலபமானது இதுதான் என்று பி.காம். படிப்பவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஏப்ரலில் ஆரம்பித்து, ஒவ்வொரு மாதத்தையும் முந்தைய கூட்டலோடு சேர்த்துக்கொண்டே வந்தால் ரன்னிங் டோட்டல். மார்ச் 31-ல் கணக்கை முடித்து, ஏப்ரல் 1-ல் மறுபடியும் பூஜ்யம். இதில் என்ன பெரிய கஷ்டம்?

கஷ்டம் எல்லாம் 'வருஷம்' என்ற வார்த்தையில்தான் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து ஒரகடம் வரைக்கும் ஒரு ரவுண்டு வந்து பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயின் கொரியத் தாய்க் கம்பெனிக்கு வருஷம் டிசம்பர் 31-ல் முடிகிறது. ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி தயாரிக்கும் டெய்ம்லருக்கும் டிசம்பர்தான். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கானில் தயாராகும் ஐபோனுக்குச் சொந்தக்காரரான ஆப்பிளுக்கோ செப்டம்பரின் கடைசி சனிக்கிழமை! இதையெல்லாம் விட வேடிக்கை 2010-ல் ஒரகடத்தில் திறந்த ரெனோ-நிசான் தொழிற்சாலை. ரெனோவுக்கு டிசம்பர், நிசானுக்கு மார்ச். 2025-ல் நிசானின் பங்கை ரெனோ வாங்கிக்கொள்ளும் வரைக்கும் ஒரே கூரைக்கு இரண்டு காலண்டர் முதலாளிகள்.

நம் ஊர் ஏப்ரல்-மார்ச் ஒன்றும் இயற்கை விதி கிடையாது. வெள்ளைக்காரன் 1867-ல் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் அரசாங்கக் கணக்கே மே-ஏப்ரல். வருமான வரியில்கூட 1989-90 மதிப்பீட்டு ஆண்டுக்கு முன்பு வரை வியாபாரி தன் கணக்கு ஆண்டைத் தானே தேர்ந்தெடுக்கலாம். தீபாவளிக்குத் தீபாவளி கணக்கு முடித்தவர்கள் உண்டு. கம்பெனிகளுக்கு மார்ச் 31-ஐக் கட்டாயமாக்கியது 2013 கம்பெனிச் சட்டம். வெளிநாட்டுத் தாய்க் கம்பெனி இருந்தால் அனுமதி வாங்கி வேறு தேதி வைத்துக்கொள்ளலாம் என்று அதிலும் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சட்டம் ஒரகடத்துக் கணக்கை என்ன செய்தது என்பதற்கு நல்ல உதாரணம் ராயல் என்ஃபீல்டு. 2013-ல் ஒரகடத்தில் ஆலை திறந்தார்கள். அதன் சொந்தக்காரரான ஐஷர் மோட்டார்ஸ் அப்போது ஜனவரி-டிசம்பர் கணக்கு வைத்திருந்தது. புதுச் சட்டப்படி மார்ச்சுக்கு மாற வேண்டும். எப்படி மாறினார்கள்? 2015 ஜனவரி 1 முதல் 2016 மார்ச் 31 வரை ஒரே 'வருஷம்'. பதினைந்து மாத வருஷம்!

இப்போது எண்களைப் பாருங்கள். 2014-ல் விற்ற பைக்குகள் 3 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அடுத்த 'வருஷத்தில்' சுமார் 6 லட்சம். ஆகா, இரண்டு மடங்கு! ஆனால் மாதக் கணக்கில் பார்த்தால் 25 ஆயிரம் 40 ஆயிரமாகியிருக்கிறது. அதாவது 60 சதம். அதற்கடுத்த 2016-17-ல் 12 மாதத்தில் சுமார் 6.66 லட்சம். வருஷத்துக்கு வருஷம் என்று கண்ணை மூடிக்கொண்டு கழித்தால் 11 சதம்தான் வளர்ச்சி, ஏதோ வண்டி படுத்துவிட்ட மாதிரி. அதே 12 மாதத்தை (2015 ஏப்ரல் - 2016 மார்ச்) எடுத்து ஒப்பிட்டால் 30 சதத்துக்கு மேல் வருகிறது. கம்பெனி எதையும் மறைக்கவில்லை, 15 மாதம் என்று தெளிவாகவே போட்டிருந்தார்கள். அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்து ஷீட்டில் ஒட்டுபவர்தான் மாட்டிக்கொள்வார்.

சரி, சாஃப்ட்வேர் இதைப் பார்த்துக்கொள்ளாதா? அங்கேதான் சிக்கல். எக்செல்லில் எல்லோரும் செய்யும் வேலை இது: தேதியோடு 9 மாதத்தைக் கூட்டி, வரும் வருஷத்தை நிதியாண்டாக எடுத்துக்கொள்வது. மார்ச் முடிவுக்கு இது அழகாக வேலை செய்யும். வேறு மாதத்தில் முடிந்தால் 12-லிருந்து அந்த மாத எண்ணைக் கழித்துக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மேலே சொன்ன 15 மாத வருஷத்தை இதில் போட்டுப் பாருங்கள். மார்ச் என்று கொடுத்தால் 2015 ஏப்ரலில் பூஜ்யமாகும். டிசம்பர் என்று கொடுத்தால் 2016 ஜனவரியில் பூஜ்யமாகும். இரண்டுமே தப்பு.

பவர் பி.ஐ.-யில் டோட்டல் ஒய்.டி.டி. என்று ரெடிமேடாகவே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. வருஷ முடிவுத் தேதியை அதற்குள் எழுத்தாக அடித்துக் கொடுக்க வேண்டும். பார்ப்பவர் ஸ்லைசரில் 'டிசம்பர்' என்று தேர்ந்தெடுத்தால் அதை இந்த ஃபங்ஷனுக்குள் அனுப்ப முடியாது. முடிவுத் தேதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் காட்டும் வித்தைதான் வழி.

இதெல்லாம் ஐ.டி. ஆட்களின் தலைவலி, காமர்ஸ்காரர்களுக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2021 ஜூலை முதல், முந்தைய ஆண்டில் 10 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ள கம்பெனி, ஒரே சப்ளையரிடம் ஒரு நிதியாண்டில் 50 லட்சத்துக்கு மேல் சரக்கு வாங்கினால், அதற்கு மேற்பட்ட தொகைக்கு 0.1 சதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். இது சுத்தமான ரன்னிங் டோட்டல் சட்டம். ஏப்ரல் 1-ல்தான் பூஜ்யம்.

உதாரணத்துக்கு, ஒரகடத்தில் பிராக்கெட் செய்து கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறை, ஜி.எஸ்.டி. போக மாதம் 6 லட்சத்துக்கு 2024 ஏப்ரலிலிருந்து பில் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் 48 லட்சம், டிசம்பரில் 54. டிசம்பரில் மிகுதி 4 லட்சத்துக்கு 400 ரூபாய், பிறகு மார்ச் வரைக்கும் மாதம் 600 ரூபாய் பிடிக்க வேண்டும். வாங்கும் கம்பெனியின் ரிப்போர்ட் தலைமையகத்திலிருந்து வந்த ஜனவரி-டிசம்பர் டெம்ப்ளேட் என்றால்? ஜனவரியில் டோட்டல் பூஜ்யமாகிவிடும். மார்ச்சில் 18 லட்சம்தான் காட்டும், யாரும் எதுவும் பிடிக்க மாட்டார்கள். விட்டுப்போனது 1,800 ரூபாய், போகட்டும் என்று தோன்றும். ஆனால் டி.டி.எஸ். பிடிக்காத தொகையில் 30 சதத்தைச் செலவாக ஏற்கமாட்டோம் என்கிறது வருமான வரிச் சட்டம். 18 லட்சத்தில் 30 சதம் 5,40,000 ரூபாய்! பட்டறைக்காரர் அந்த வருமானத்தைக் காட்டி வரி கட்டிவிட்டார் என்று ஆடிட்டர் சான்றிதழ் கொடுத்தால் தப்பிக்கலாம். அந்தச் சான்றிதழுக்கு அலையப்போவது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

கதை இதோடு முடியவில்லை. அதே டெம்ப்ளேட் 2025 செப்டம்பரில் 54 லட்சம் காட்டும். உடனே டி.டி.எஸ். பிடிப்பார்கள். உண்மையில் ஏப்ரலிலிருந்து 36 லட்சம்தான் ஆகியிருக்கும், பிடிக்கவே கூடாது. பிடிக்க வேண்டியபோது பிடிக்கவில்லை, கூடாதபோது பிடித்தாயிற்று. கூட்டலில் ஒரு ரூபாய்கூடத் தப்பில்லை என்பதுதான் இதில் கொடுமை.

வருஷ முடிவை ஃபார்முலாவுக்குள் புதைத்து வைப்பதுதான் இந்தத் தொல்லைக்கெல்லாம் மூலம். அதைத் தனி டேபிளாக வெளியே எடுத்து வைப்பதே சரி. யாருடைய வருஷம், எந்தத் தேதியில் ஆரம்பம், எந்தத் தேதியில் முடிவு என்று மூன்று காலம் போதும். ஐஷரின் 15 மாதம் அதில் ஒரு வரி. வருமான வரிக்கு ஒரு வரி, தாய்க் கம்பெனிக்கு ஒரு வரி. தேதி எந்த வரிக்குள் விழுகிறதோ அதன் ஆரம்பத்திலிருந்து கூட்டினால் வேலை முடிந்தது. நாளைக்கே அரசாங்கம் ஜனவரிக்கு மாறினாலும் (மாறலாமா என்று பார்க்க 2016-ல் ஒரு கமிட்டியே போட்டார்கள்) ஃபார்முலாவைத் தொட வேண்டியதில்லை, ஒரு வரி சேர்த்தால் போதும்.

கல்லூரிகளில் இது வருவதே இல்லை. பாடத்தில் வரும் எல்லாக் கம்பெனியும் 31 மார்ச்சில்தான் கணக்கு முடிக்கும், எல்லா வருஷத்துக்கும் 12 மாதம்தான். வேலைக்குப் போகிறவர் ஒரகடம் பஸ்ஸில் ஏறும் வரைக்கும் அந்த நம்பிக்கை தாங்கும். அதன் பிறகாவது, 'இதுவரை' என்ற தலைப்போடு எந்த ரிப்போர்ட் வந்தாலும் எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டு, பதிலை அந்தத் தலைப்பிலேயே எழுதி வைத்துவிடுவது நல்லது. டி.டி.எஸ். பார்க்கும் ஷீட்டில் அந்தத் தேதி ஏப்ரல் 1 இல்லையென்றால், பட்டறைக்காரருக்கு செக் போவதற்கு முன்னாலேயே சரிசெய்துவிடலாம்.