யார் போடும் கணக்கு?

1971 ஜூலையில் எர்ணாகுளம் டவுன் ஹாலில் திருவிழாக் கூட்டம். மாவட்ட கலெக்டர் எஸ். கிருஷ்ணகுமார் ஏற்பாடு செய்த குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் அது. ஒரே மாதத்தில் 63,000க்கும் அதிகமானவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். சில நூறு பேரைத் தவிர எல்லோரும் ஆண்கள். வந்தவர்களுக்கு ரொக்கமும் பரிசுப் பொருட்களும் கிடைத்தன. இன்று இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் தொடுபுழை தாலுகா அன்று எர்ணாகுளம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கத்தோலிக்கர்கள் நிறைந்த பகுதி.

சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2021 ஜூலையில், தொடுபுழையை அடுத்துள்ள பாலாவிலிருந்து நேர் எதிரான அறிவிப்பு வந்தது. 2000க்குப் பிறகு மணம் முடித்து, ஐந்து அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் பெற்ற குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தருவதாக பாலா மறைமாவட்டம் சொன்னது. நான்காவது பிள்ளையிலிருந்து மறைமாவட்ட மருத்துவமனையில் பிரசவம் இலவசம். பத்தனம்திட்டாவின் மலங்கரை கத்தோலிக்க மறைமாவட்டமும் நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு மாதம் 2,000 ரூபாய் அறிவித்தது.

அன்று பெறாமலிருக்கப் பணம். இன்று பெறுவதற்குப் பணம். கணக்குப் போட்டவர்கள் வேறு, கணக்கு ஒன்றே: தலைகளின் எண்ணிக்கை. சுமக்கிற பெண்ணின் விருப்பம் இந்த இரண்டு கணக்கிலும் எந்த இடத்தில் வந்தது என்று தேடினால், பதில் கிடைப்பது சிரமம்.

சபையின் கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1940களிலும் 50களிலும் மீனச்சில் பகுதியிலிருந்து காடும் மலையும் ஏறிப் போன சிரியன் கிறிஸ்தவ விவசாயிகள்தான் ஹைரேஞ்சிலும் மண்ணார்க்காடு, அட்டப்பாடிப் பக்கமும் குடியேற்ற கிராமங்களை உண்டாக்கினார்கள். அந்த நாளில் எட்டுப் பிள்ளைகள் என்பது எட்டு ஜோடிக் கைகள். இப்போது அந்தக் கைகள் கனடாவிலும் பிரிட்டனிலும் வேலை செய்கின்றன. 2001 முதல் 2011 வரையிலான பத்தாண்டுகளில் இடுக்கி மாவட்டத்தின் ஜனத்தொகை 1.8 சதவீதம் குறைந்தது. குறுமிளகுக் கொடியைப் பார்த்துக்கொள்ள முதியவர்கள் மட்டுமே மிஞ்சிய வீடுகளைப் பார்க்கும் பிஷப்புகள் கவலைப்படுவது இயல்பு.

ஆனால் கத்தோலிக்க போதனை எண்ணிக்கையைப் பற்றியதா? 1968 ஜூலை 25 அன்று போப் ஆறாம் பால் கையெழுத்திட்ட 'ஹுமானே விட்டே' என்ற சுற்றுமடல்தான் இந்த விஷயத்தில் சபையின் அடிப்படை ஆவணம். கருத்தடை மாத்திரையை அனுமதிக்கலாமா என்று ஆராய வாடிகன் அமைத்த குழுவில் பெரும்பான்மையினர், 1966ல், அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தார்கள். போப் அதை ஏற்கவில்லை. தாம்பத்தியத்தில் அன்பின் ஒன்றிப்பும் உயிர் கொடுக்கும் ஆற்றலும் பிரிக்க முடியாதவை; ஒவ்வொரு உறவும் உயிருக்குத் திறந்திருக்க வேண்டும் என்றார். மாத்திரை, ஆணுறை, ஆபரேஷன் எல்லாம் விலக்கப்பட்டன. கரு தரிக்காத நாட்களை அறிந்து நடந்துகொள்ளும் இயற்கை முறைக்கு மட்டும் இடம் கிடைத்தது. அதே 1968ல்தான் இந்திய அரசு மூன்று 15 பைசா என்று 'நிரோத்'தை பெட்டிக் கடைகளுக்குக் கொண்டு வந்தது.

திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் இந்தத் தடைகளை விளக்கமாகச் சொல்கிறார்கள். அதே மடலில் உள்ள வேறு சில பத்திகள் அந்த அளவுக்குக் காதில் விழுவதில்லை. பத்தாம் பத்தி, உடல்நிலை, பொருளாதாரம், மனநிலை, சமூகச் சூழல் ஆகியவற்றை எண்ணிப் பார்த்துத் தம்பதிகள் நிறையப் பிள்ளைகள் பெறலாம். தக்க காரணம் இருந்தால் குறிப்பிட்ட காலத்துக்கோ, காலவரையறை இல்லாமலோ இன்னொரு குழந்தையைத் தவிர்க்கவும் முடிவெடுக்கலாம் என்கிறது. அந்த முடிவு தம்பதிகளுடையது என்று 1965லேயே இரண்டாம் வாடிகன் சங்கம் சொல்லிவிட்டது. ஐந்து என்றோ நான்கு என்றோ எந்த எண்ணும் இந்த ஆவணங்களில் இல்லை. 2015 ஜனவரியில் மணிலாவிலிருந்து திரும்பும் விமானத்தில் போப் பிரான்சிஸ் இன்னும் பச்சையாகவே சொன்னார்: நல்ல கத்தோலிக்கராக இருக்க முயல்களைப் போலப் பெற்றுத் தள்ள வேண்டியதில்லை.

பதிமூன்றாம் பத்தி அதைவிட முக்கியமானது. மனைவியின் நிலையையோ நியாயமான விருப்பத்தையோ பொருட்படுத்தாமல் அவள் மீது திணிக்கப்படும் உறவு அன்பின் செயலே அல்ல, அறநெறிக்கு எதிரானது என்கிறது அது. 1968ல் எழுதப்பட்ட வாசகம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோ, மனைவி 18 வயதுக்கு மேற்பட்டவள் என்றால், கணவனின் பலவந்தத்தைப் பாலியல் வன்முறைக் குற்றத்திலிருந்து இன்னும் விலக்கியே வைத்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் வாடிகன் நம் சட்டத்தைவிட அரை நூற்றாண்டு முன்னால் நின்றது என்பதைப் பீடத்திலிருந்து எத்தனை பேர் எடுத்துச் சொல்கிறார்கள்?

இதைக் கேட்க வேண்டியவர்கள் எல்லைப் பகுதிகளில் ஏராளம். போடிமெட்டு ஏறி மூணாறு தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களில் கணிசமானவர்கள் லத்தீன் கத்தோலிக்கர்கள். பாலக்காடு பக்கம், தமிழ் பேசும் கத்தோலிக்கர்கள் நெடுங்காலம் கோவை மறைமாவட்டத்தின் கீழ் இருந்தார்கள். 2013 டிசம்பரில்தான் சுல்தான்பேட்டை தனி மறைமாவட்டம் ஆனது. நிலம் உள்ள விவசாயிக்குச் சொல்லப்படும் அதே போதனைதான் லயத்தில் ஒற்றை அறையும் ஒரு சமையலறையுமாக வாழும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் சொல்லப்படுகிறது.

இயற்கை முறை எளிதானது, செலவில்லாதது என்பது உண்மை. மெல்போர்னைச் சேர்ந்த ஜான் பில்லிங்ஸ், ஈவ்லின் பில்லிங்ஸ் தம்பதி வகுத்த முறையைப் படிக்காத பெண்களும் கற்றுக்கொள்ள முடியும். கல்கத்தாவின் ஏழைகளுக்கு இயற்கை முறையைக் கற்றுத் தந்ததை அன்னை தெரசா 1979ல் நோபல் உரையிலேயே குறிப்பிட்டார். ஆனால் அந்த முறை நிற்பது ஒரே ஒரு வார்த்தையில்: "இன்றைக்கு வேண்டாம்." மனைவி சொல்ல வேண்டும், கணவன் கேட்க வேண்டும். பகல் முழுதும் மலைச் சரிவில் நின்றுவிட்டு வருபவள், குடித்துவிட்டு வரும் கணவனிடம் அதைச் சொல்ல முடியாவிட்டால் சார்ட்டும் காலண்டரும் என்ன செய்யும்?

அதனால் அவள் தன் கையில் இருக்கிற ஒரே வழியைத் தேர்ந்தெடுக்கிறாள். இரண்டாவது பிரசவம் முடிந்ததும் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். கத்தோலிக்க மருத்துவமனைகள் அதைச் செய்யக் கூடாது என்பது சபையின் விதி. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி கேரளத்தில் மணமான பெண்களில் 46.6 சதவீதத்தினர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள்? 0.1 சதவீதம். எர்ணாகுளத்தில் வரிசை வரிசையாக நின்ற ஆண்களின் மாநிலம்தான் இது. நெருக்கடி நிலைக் காலத்தின் கட்டாய ஆபரேஷன்களுக்குப் பிறகு நாடு முழுதும் ஆண்கள் ஒதுங்கிக்கொள்ள, சுமை அப்படியே பெண்ணின் வயிற்றுக்கு மாறியது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அதற்காக முழங்கால் போடுவதும் அவள்தான்.

அரசும் இந்தப் பெண்களை நல்ல விதமாக நடத்தியதில்லை. 1971ல் நீலகிரியின் சில எஸ்டேட்களில் தோட்ட முதலாளிகள் சங்கமான உபாசி ஒரு திட்டம் கொண்டு வந்தது. தொழிலாளிப் பெண்ணின் பெயரில் மாதம் 5 ரூபாய் சேமிப்பு. மூன்றாவது பிள்ளை பிறந்தால் ஒரு பகுதி பறிபோகும். 2011ல், பாலக்காட்டில் பிறந்த முன்னாள் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு, மூன்றாவது பிள்ளை பெற்றால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதச் சிறை என்று கேரள அரசுக்குப் பரிந்துரைத்தது. சபை கொதித்தெழுந்தது. எத்தனை பிள்ளை என்பதை அரசு தீர்மானிக்கக் கூடாது என்ற அதன் வாதம் நியாயமானது. பரிந்துரை சட்டமாகவில்லை.

இப்போது காற்று திரும்பிவிட்டது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகம் பெறச் சொன்னார். தொகுதி மறுவரையறையை நினைத்து 2025 மார்ச்சில் தமிழக முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலினும் புதுமணத் தம்பதிகளிடம் உடனே பெற்றுக்கொள்ளும்படி கேட்டார். தொகுதிக்காக ஒருவர், முதியோர் பெருகுவதற்காக ஒருவர், சமூகத்தின் பலத்துக்காக இன்னொருவர்.

பெரிய குடும்பங்களுக்கு உதவுவதில் தவறில்லை. மாதம் 1,500 ரூபாயை அபராதத்தோடு ஒப்பிடுவதும் சரியல்ல. ஆனால் சபை தன் சொந்த ஆவணத்தை முழுதாகப் படித்தால், ஐந்தாவது பிள்ளையின் தாயைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. திருமணத் தயாரிப்பு வகுப்பில் மாப்பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்து அந்தப் பதிமூன்றாம் பத்தியை உரக்கப் படித்துக் காட்டலாம். "வேண்டாம்" என்று சொன்னால் கேட்கப்படும் என்ற நம்பிக்கை இருக்கும் வீட்டில்தான், "வேண்டும்" என்று ஒரு பெண் சொல்வதற்கும் அர்த்தம் இருக்கும்.