மைக்கில் சொன்னதும் வந்துவிடுங்கள்: வேதாரண்யம் கடலோர ஊர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

தாய்மார்களே, பெரியவர்களே, தொழிலுக்குப் போகும் அண்ணன் தம்பிகளே,

ஐப்பசி பிறந்துவிட்டது. இனி மார்கழி முடியும்வரை வங்கக் கடலில் எந்த வாரம் எது கிளம்பும் என்று சொல்ல முடியாது. மீனவர்கள், உப்பளத் தொழிலாளர்கள், மகளிர் குழுப் பெண்கள், படித்துவிட்டு ஊரில் இருக்கும் பிள்ளைகள் என நாங்கள் கொஞ்சம் பேர் கூடிப் பேசினோம். உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான் என்று முடிவானது. புயல் வருகிறது, முகாமுக்கு வாருங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னால், அன்று பொழுது சாய்வதற்குள் வந்துவிடுங்கள். ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

பகலிலேயே ஏன் வரச் சொல்கிறோம் என்பது 2018 நவம்பரில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கஜா புயல் நம் கரையில் ஏறியது நவம்பர் 16ஆம் தேதி நள்ளிரவு தாண்டித்தான். அதற்குள் கரண்ட் போய்விட்டது, செல்போன் செத்துவிட்டது, தெருவெங்கும் மரம் விழுந்து கிடந்தது. பக்கத்து வீட்டில் சுவர் இடிந்த சத்தம் கேட்டும் கதவைத் திறக்க முடியவில்லை. தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் துண்டும் கத்திபோலப் பறந்துகொண்டிருந்த நேரத்தில் யாரை யார் போய்த் தூக்குவது? கரை கடப்பதற்கு முன்பே முகாம்களுக்குப் போனவர்கள் பல மாவட்டங்களிலுமாக 80,000 பேருக்கு மேல். அவர்களும் வீட்டிலேயே இருந்திருந்தால் சாவுக் கணக்கு எங்கே போய் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"எத்தனையோ புயல் வருது வருதுன்னு சொன்னாங்க, நமக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். முகாமுக்குப் போய் ஒரு ராத்திரி கொசுக்கடியில் கிடந்து, காலையில் வெறும் தூறலைப் பார்த்துத் திரும்பியவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் புயல் கடைசி சில மணி நேரத்தில்கூடத் திசை மாறும், வேகம் மாறும். கஜா பாம்பனுக்கும் கடலூருக்கும் இடையே கடக்கும் என்றுதான் சொன்னார்கள். அதைக் கேட்டு, கடலூர் பக்கம் போய்விடும் என்று இங்கே சிலர் நிம்மதியாகப் படுத்தார்கள். இரண்டு ஊர்ப் பெயரைச் சொன்னால், நடுவில் இருக்கும் கரை முழுவதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். அதில் நாமும் அடக்கம்.

முன்னாலேயே வெளியேறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபரில் அங்கே அடித்த பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் செத்தார்கள். 2013இல் பைலின் என்ற கடும்புயல் அதே கரைக்கு வந்தது. அதற்குள் கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை மேட்டுக்கும் பாதுகாப்பு மையங்களுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. அங்கேயும் நம்மைப் போல மீன் பிடிக்கிறவர்களும் மாடு வைத்திருக்கிறவர்களும்தான் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள்.

புயலின் கண் நம் ஊர் மேல் கடந்தால் நடப்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். முதலில் வடக்கிலிருந்து பேய்க்காற்று அடிக்கும். பிறகு சட்டென்று எல்லாம் அடங்கிவிடும். முடிந்துவிட்டது என்று மாட்டைப் பார்க்கவும், தென்னையை எண்ணவும் வெளியே வருவார்கள். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரமும் சுவரும் விழுவது இரண்டாவது காற்றில்தான். கதவைத் திறக்கலாம் என்று முகாமில் சொல்லும்வரை திறக்காதீர்கள். காற்றைவிடக் கடல் மோசம். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு என்பதால், காற்று தள்ளும் தண்ணீர் போக இடமில்லாமல் கரை மேல் ஏறும். கஜாவில் புஷ்பவனம், வெள்ளப்பள்ளம் பக்கம் கடல் தண்ணீரோடு சேற்றையும் கொண்டுவந்து கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். படகும் வலையும் அந்தச் சேற்றில் புதைந்து கிடந்தன.

இனி, ஏன் வருவதில்லை என்பதற்கு வருவோம். கூட்டத்தில் அதிக நேரம் இதைத்தான் பேசினோம். வீட்டுச் சாமான் திருட்டுப் போய்விடும், மாட்டை விட்டுவிட்டு எப்படி வருவது என்று ஆண்கள் சொன்னார்கள். பெண்கள் முதலில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு அக்கா எழுந்து, "அங்க கக்கூஸ் ஒழுங்கா இருந்தா நாங்க ஏன்யா வரமாட்டோம்?" என்று கேட்டார். அப்புறம் எல்லாரும் பேசினார்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய், இருட்டு, வயசுப் பெண்ணை அத்தனை பேர் நடுவில் படுக்க வைக்கும் தயக்கம், மாதவிலக்கு நாளானால் எங்கே ஒதுங்குவது என்ற கவலை. இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் "நான் வீட்டிலேயே இருக்கேன், நீங்க போங்க" என்கிறார்கள். அதைப் பிடிவாதம் என்று நாம் எழுதிவைத்துவிடுகிறோம். இந்த வருஷம் பெண்களுக்குத் தனி அறை, தாழ்ப்பாள், சார்ஜ் விளக்கு, நாப்கின், வாளியும் தண்ணீரும் இருக்கிறதா என்று மகளிர் குழுவே முன்னதாகப் போய்ப் பார்க்கும். இல்லாததை ஊராட்சியிடம் கேட்டு வாங்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முகாமில் எந்தத் தெருக்காரர் எந்த மூலையில் படுப்பது, யார் சமைத்ததை யார் சாப்பிடுவது என்ற பேச்சு இந்த முறை கூடாது. அதற்குப் பயந்துதான் சிலர் மழையில் நனைந்துகொண்டு குடிசையிலேயே கிடந்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே பந்தி. மாடி வீடு உள்ளவர்களும் எல்லாத் தெருவுக்கும் கதவைத் திறந்து வையுங்கள்.

ஆடு மாட்டைக் கட்டி வைத்துவிட்டு வராதீர்கள். கஜாவில் கயிற்றோடு செத்தவை ஏராளம். மேட்டுப் பக்கம் ஓட்டி அவிழ்த்துவிட்டால் அவை பிழைத்துக்கொள்ளும். பைபர் படகின் இன்ஜினைக் கழற்றி வீட்டுக்கோ மேட்டுக்கோ கொண்டுபோய்விடுங்கள். படகை முடிந்தவரை உள்ளே இழுத்து, ஒன்றோடு ஒன்று மோதாதபடி இடம் விட்டுக் கட்டுங்கள். விசைப்படகில் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள் ஆட்களின் பெயரையும் படகு எண்ணையும் கரையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். 2017இல் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேராமல் கன்னியாகுமரி கரையில் எத்தனை வீடு இருண்டது! புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய பிறகு, ஒரே ஒரு பாடு அடித்துவிட்டு வருகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பேங்க் புத்தகம், படகு இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் இப்போதே ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயைக் கட்டி, அதை இன்னொரு கவருக்குள் போட்டு வையுங்கள். நிவாரணத்துக்கு அலையும்போது முதலில் கேட்பது அதைத்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரை பத்து நாளைக்காவது கையில் இருக்கட்டும். பேறுகாலம் நெருங்கிய பெண்களைப் பற்றி கிராம நர்சிடம் சொல்லி, முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். கரண்ட் இருக்கும்போதே தொட்டி, குடம், அண்டா எல்லாம் நிரப்புங்கள். கஜாவில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பம் சாய்ந்து, ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினோம். அப்போது மெழுகுவத்தி என்ன விலைக்கு விற்றது என்று கடைக்காரர்களுக்கு நாங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை. இந்த முறை அது வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வரும் சுழல் படத்தையெல்லாம் பரப்பாதீர்கள். வானிலை மையமும் ஆட்சியர் அலுவலகமும் சொல்வதை ரேடியோவில் கேளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, கடலில் சிக்கினால் கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108. இந்த எண்களைச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் சரிதான்.

வீட்டுச் சாமான் விஷயத்துக்கும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். முகாமுக்கு ஆள் ஏற்றி முடித்ததும், பொழுது சாயும்வரை ஊர்ப் பிள்ளைகள் தெருத்தெருவாகச் சுற்றி வருவார்கள். காற்று நின்று, போகலாம் என்ற அறிவிப்பு வந்ததும் முதலில் ஊருக்குள் போவதும் அவர்கள்தான். நடக்க முடியாத பெரியவர்கள், மாற்றுத்திறனாளிகள், தனியாக இருக்கும் ஆத்தாமார்கள் யார் யார், எந்த வீடு என்ற விவரத்தை இந்த வாரமே எங்களிடம் சொல்லுங்கள். வண்டியை அவர்கள் வாசலுக்கே அனுப்புகிறோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை முகாம் கட்டடத்தைக் கழுவி, வாய்க்கால் அடைப்பை எடுக்கிறோம். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். மண்வெட்டியும் விளக்குமாறும் அவரவர் கொண்டுவர வேண்டும். டீ எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
வேதாரண்யம் கடலோர ஊர்களின் மீனவர்கள், உப்பளத் தொழிலாளர்கள், மகளிர் குழுக்கள், இளைஞர்கள்