இலையில் விழுவதற்கு முன்...



வைகாசி முகூர்த்தங்கள் வந்துவிட்டால் வெண்ணந்தூர், இராசிபுரம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் கூட்டம் அலைமோதும். அப்பா, அம்மாவுடன் நீங்களும் போவீர்கள். மணமேடையைப் பார்க்கிறோமோ இல்லையோ, உள்ளே நுழைந்ததும் பந்தி எங்கே நடக்கிறது என்று பார்த்துவிடுகிறோம். கேட்டால், 'பந்திக்கு முந்து' என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்களே என்பார்கள்!

முந்துவதில் தவறில்லை. சாப்பிடுபவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவர் ரசத்துக்கு வந்துவிட்டாரா, மோருக்கு வந்துவிட்டாரா என்று பார்ப்பதுதான் தவறு. அப்படி நின்றவர்களுக்காகப் பாயசத்தைப் பாதியில் விட்டு எழுந்த வயதானவர்களை நான் பார்த்திருக்கிறேன். கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பதும் வேண்டாமே. அது என்ன பேருந்தா?

இன்று முக்கியமாகச் சொல்ல நினைப்பது இலையைப் பற்றி. அண்டாவில் இருக்கும் சோறும், உங்கள் இலையில் இருக்கும் சோறும் ஒரே உலையில் வெந்தவைதான். ஆனால், அண்டாவில் மிஞ்சினால் அது இன்னொருவர் பசியைத் தீர்க்கும். கோவையில் 2014ஆம் ஆண்டு 'நோ ஃபுட் வேஸ்ட்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. விருந்துகளில் உணவு மிஞ்சியிருப்பதாகத் தகவல் சொன்னால், அதன் தொண்டர்கள் வந்து எடுத்துச் சென்று, கெடுவதற்குள் பசித்தவர்களிடம் சேர்க்கிறார்கள். அவர்களாலும் எடுக்க முடியாத ஒன்று உண்டு. அது நாம் இலையில் மிச்சம் வைத்தது. எச்சில்பட்டதை யாருக்குக் கொடுக்க முடியும்?

ஆகவே, வேண்டுமா வேண்டாமா என்பதை இலையில் விழுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். இடது கையை இலைக்கு மேலே லேசாகக் காட்டி, "போதுங்க அண்ணா" என்று சொன்னால் எந்தப் பரிமாறுபவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். முதலில் அரைக் கரண்டி வாங்குங்கள். பிடித்திருந்தால் மறுபடி கேளுங்கள். அதில் வெட்கம் எதற்கு? சில மண்டபங்களில் நாம் உட்காருவதற்கு முன்பே இனிப்பு, பொரியல், கூட்டு எல்லாம் வைத்துவிடுகிறார்கள். பிடிக்காததைத் தொடாமல், சாப்பிடத் தொடங்கும் முன்பே பக்கத்தில் இருக்கும் அக்காவிடமோ தம்பியிடமோ கேட்டு மாற்றிவிடலாம். 'வளர்ற பிள்ளை, இன்னும் ரெண்டு ஒப்பிட்டு வைப்பா' என்று சிபாரிசு செய்யும் அத்தைமார்களைச் சமாளிப்பதுதான் கொஞ்சம் கஷ்டம்!

ஒரு கிலோ அரிசி விளைய உலக சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் தேவைப்படுகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் வீடு, உணவகம், கடைகளில் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கை சொல்கிறது. 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபின், அந்த ஒருவேளைச் சோற்றுக்காகவே பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அவர்கள் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சிப் பார்த்ததில்லை.

ஓட்டலிலும் இதே கணக்குதான். ஆளுக்கொரு தோசை சொல்வதற்கு முன், பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். மிஞ்சியதைப் பார்சல் கேட்பது கௌரவக் குறைவல்ல. இப்போது ஒடிசா, பீகாரிலிருந்து வந்த அண்ணன்கள் பல ஓட்டல்களில் பரிமாறுகிறார்கள். அவர்கள் தமிழ் தடுமாறினால் சிரிக்காதீர்கள். நம்மில் எத்தனை பேருக்கு ஒடியா தெரியும்?

சாப்பிட்டு முடித்ததும் இலையை நம் பக்கமாக மடக்க வேண்டும். துக்க வீட்டில்தான் எதிர்ப்பக்கமாக மடக்குவது நம் வழக்கம். மடக்கும் முன் ஐஸ்கிரீம் கப், கரண்டி, பீடாவில் குத்திய குச்சி, தண்ணீர் பாட்டில் மூடி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். பல ஊர்களில் அந்த இலைகள் மாடுகளுக்குத்தான் போகின்றன. மாடு இலையைப் பிரித்துப் பார்த்துச் சாப்பிடாது.